கயிறு இழுத்தும் கிளம்பாத மிஷின்

2015இல் கிளைபொசேட் களைகொல்லியை அரசாங்கம் தடை செய்தபோது, தேயிலை மலையில் புல்லோடு மல்லுக்கட்டுவது மறுபடியும் கைவேலையானது. ஆனால் கை போதவில்லை. சுரண்டி பிடிக்க ஆள் குறைந்துபோயிருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து இறக்குமதித் தடை வந்து, சில மாதத்திலேயே திரும்பிப் போனது. இந்த இழுபறிக்கு நடுவே பசறை, ஹாலி எல, அப்புத்தளைப் பக்கத்து மலைகளில் ஒரு சத்தம் மட்டும் பழகிப்போய்விட்டது. தோளில் தொங்கும் புல்லு வெட்டும் மிஷினின் சத்தம்.

அதே இனத்து எஞ்சின்கள் ஊவாவில் இன்னும் பல வேடங்களில் இருக்கின்றன. கவ்வாத்து மிஷினில் ஒன்று. வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றும் பம்பில் ஒன்று. துரை பங்களா முற்றத்திலும் எல்ல ஹோட்டல்களின் புல்தரையிலும் தள்ளிக்கொண்டு போகிற வெட்டியில் ஒன்று. உருவம் வேறு, உள்ளே இருப்பது ஒரே ஒரு சிலிண்டர், அதைச் சுற்றிச் செதில் செதிலாக அலுமினியத் தகடு, கயிறு இழுத்துக் கிளப்பும் ஏற்பாடு. ரேடியேட்டர் இல்லை, பேட்டரி இல்லை.

"கயிறு இழுத்து இழுத்துக் கையே போச்சு, கிளம்புதில்ல" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளம் அதிலேயே போய்விடும். கராஜில் இரண்டு நாள் கிடக்கச் சொன்னால் இன்னும் இரண்டு நாள். இத்தனைக்கும், இப்படிக் கொண்டுவரப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது பெரிய நோய் அல்ல. அடைத்த பில்டர், கறுத்த பிளக், கெட்டுப்போன பெற்றோல் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மிஷினைத் தூக்குகிறவர் கையில் ஒரு பிளக் சாவியையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்து, அரை நாள் சொல்லிக்கொடுத்தால் தீருகிற விஷயம். மிஷினுக்குப் பணம் ஒதுக்குகிற நிர்வாகங்கள் இந்த அரை நாளை ஒதுக்க ஏன் யோசிக்கின்றன என்பது விளங்கவில்லை.

இந்த மிஷின்கள் பிறந்தது வேறு மண்ணுக்கு. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் படிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் எழும்பும் நூலைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே முறையில் புல்லைச் சீவலாமே என்று முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். சமதரைப் புல்வெளிக்கான கருவி அது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி 1953இல் வார்ப்பு அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்த பிறகுதான் பெற்றோல் புல்வெட்டி எடை குறைந்து வீட்டுக்கு வீடு போனது. நைலோன் நூல் சுழன்று புல்லை அறுக்கும் வித்தை அதற்கும் பிந்தியது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு தகர டப்பாவில் மீன்பிடி நூலைக் கோத்துச் சுழற்றிப் பார்த்ததில் பிறந்தது அது.

ஆக, கடல்மட்டத்தை ஒட்டிய சமதரைத் தோட்டங்களுக்காக யோசிக்கப்பட்ட பொருள், நமுனுகுல மலைச்சரிவில் ஏறி நிற்கிறது. அங்கேதான் கோளாறின் பாதி இருக்கிறது.

முதலாவது உயரம். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் எஞ்சினின் பலம் சுமார் 3.5 சதவீதம் குறையும் என்பது உற்பத்தியாளர்களே கைநூலில் அச்சிடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் கொழும்புக் கடையில் ஓட்டிக் காட்டிய அதே மிஷின் அப்புத்தளையில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் வேலை செய்கிறது. காற்று குறைந்தாலும் காபரேட்டர் விடும் பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவை பெற்றோல் மிகுந்து போகிறது; புகை கறுக்கிறது, பிளக் கரி பிடிக்கிறது, பெற்றோல் வீணாகிறது. காபரேட்டரில் திருகாணி இருக்கும் மிஷின் என்றால் மலைக்கு வந்ததும் கலவையைச் சற்று மெலியவிட வேண்டும். திருகாணி இல்லாத மிஷினுக்குச் சிறிய துளையுள்ள ஜெட் மாற்றலாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் மெலியவிட்ட மிஷினை அப்படியே மொனராகலைச் சமவெளிக்குக் கொண்டுபோய் ஓட்டினால், பெற்றோல் போதாமல் சூடேறி பிஸ்டன் கீறிவிடும்.

இரண்டாவது சரிவு. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பம்பிலும் தள்ளும் புல்வெட்டியிலும் இருப்பது பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். பம்பு எஞ்சினில், அடியில் கிடக்கும் ஒயிலைக் கனெக்டிங் ரொட்டின் நுனியில் உள்ள சிறு கரண்டி வாரி இறைப்பதால்தான் உள்ளே எல்லாம் நனைகிறது. எஞ்சின் சாய்ந்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்; கரண்டி காற்றைத்தான் அடிக்கும். ஹொண்டாவின் ஜிஎக்ஸ்160 எஞ்சினைச் சாய்க்கக்கூடிய எல்லை 20 பாகை. ஒரு மீற்றர் நீளத்துக்கு 36 சென்டிமீற்றர் எழும்புகிற சரிவு அது. ஊவாவில் அதைவிடச் செங்குத்தான மலை எத்தனையோ. பம்பை ஆற்றங்கரையில் கண்டபடி சாய்த்து வைத்து ஓட்டி, கனெக்டிங் ரொட் உடைந்து எஞ்சின் பெட்டியே ஓட்டையாகிப்போவது இதனால்தான். ஒயில் குறைந்தால் தானாக நிற்கும் உணரி பொருத்திய எஞ்சின்கள் இன்னொரு வேடிக்கை காட்டும். ஒயில் நிறைய இருந்தாலும் சரிவில் வைத்தால் நின்றுவிடும், கிளம்பாது. உரிமையாளர் பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார். பம்பின் கீழே ஒரு கல்லை அண்டக் கொடுத்து மட்டமாக்கினால் முதல் இழுப்பில் கிளம்பும்.

தோளில் மாட்டும் மிஷின்கள் டூ ஸ்ட்ரோக்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒயில் பெற்றோலோடு கலந்தே வருவதால் எப்படிச் சாய்த்தாலும் தொந்தரவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடும் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை ஹொண்டா 1997இல் கொண்டுவந்தது என்றாலும், மலையில் பெரும்பாலும் கேட்பது இன்னும் டூ ஸ்ட்ரோக்கின் கீச்சுக் குரல்தான்.

மூன்றாவது தூசி. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்டு ஊவாவில் இறங்குகிறது. கிழக்கில் கச்சான் என்கிற அதே காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறட்சிதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசனையைக் கொடுக்கிறது. எஞ்சினுக்கு அது கொடுப்பது செம்மண் பொடி. பஞ்சு பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கசக்கி, நன்றாக உலர்த்தி, சில துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து போட வேண்டும். ஒயில் பூசாத பஞ்சு நுண்பொடியைத் தடுக்காது. பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்ப நல்லா இழுக்குது" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. இழுக்கத்தான் செய்யும், சிலிண்டரை மண் அரைத்து முடிக்கும் வரை.

கிளம்பாத எஞ்சினிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: பெற்றோல் வருகிறதா, பொறி அடிக்கிறதா, அமுக்கம் இருக்கிறதா. முதல் இரண்டுக்கும் பெரிய அளவு பதில் பிளக்கிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து முறை சோக் போட்டு இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்து கிடந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெற்றோல் வெள்ளமாகிவிட்டது. துடைத்து, பிளக் இல்லாமலே சோக்கைத் திறந்துவிட்டுச் சில முறை கயிறு இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். காய்ந்த கரி என்றால் கலவை அதிகம் அல்லது பில்டர் அடைப்பு. பிசுபிசுத்த கறுப்பு என்றால் ஒயில் அதிகம். வெண்சாம்பல் நிறம் ஆபத்தானது; எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு இருந்தால் எல்லாம் சுகம்.

பிறகு பொறி. பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடலைச் சிலிண்டர் செதிலில் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பெற்றோல் சிந்திய இடத்தில், பிளக் துளைக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. பொறி இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பார்ப்பது முதல் படி. நுனி இடைவெளி பொதுவாக 0.6, 0.7 மில்லிமீற்றர். புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் கம்பியைப் பாருங்கள். மேல்தோல் உரிந்து எஞ்சின் உடலில் பட்டுக்கொண்டிருந்தால், சுவிட்சை யாரோ அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம். கடைசியாகத்தான் காயில். அதற்கும் சுழல்சக்கரக் காந்தத்துக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி போதும், சுமார் 0.3 மில்லிமீற்றர். காந்தத்தில் துரு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

அமுக்கத்தைக் கையே சொல்லிவிடும். கயிறு மெல்ல இழுக்கும்போது ஒரு இடத்தில் முட்டி நிற்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, சிலிண்டர் கீறியிருக்கிறது, அல்லது ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வு மூடவில்லை. அப்போது கராஜுக்குத்தான் போக வேண்டும்.

கிளம்பி, கால் மணி நேரம் ஓடி, தானாக அணைந்து, ஓய்ந்த பிறகு மறுபடி கிளம்பும் எஞ்சின் பலரையும் குழப்பும். டாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியிலுள்ள ஊசித் துவாரம் அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் இறங்க மறுக்கிறது. கிளம்புகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் சைலன்சர் வாயிலுள்ள பொறி தடுக்கும் கம்பிவலையில் கரி நிறைந்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் இது அடிக்கடி நடக்கும், மலிவான ஒயில் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். வலையைக் கழற்றிக் கம்பிப் பிரஷால் தேய்த்தால் போதும்.

ஒயில் கலப்பதில்தான் அதிக எஞ்சின்கள் சாகின்றன. நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 50க்கு ஒன்று என்பது இப்போதைய கணக்கு: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். பழைய மாதிரிகளும் மலிவான மிஷின்களும் 25க்கு ஒன்று கேட்கும், அதாவது 40 மில்லிலீற்றர். எது என்பது டாங்கி மூடியிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். கண் அளவாக ஊற்றுவதும், லொறிக்கு மாற்றிய பழைய ஒயிலை ஊற்றுவதும் கரியைத்தான் வளர்க்கும். அதைவிட மோசம் மறந்துபோவது. ஒயில் கலக்காத பச்சைப் பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் சுழன்றால், சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயம் போட்டிருப்பது இதைத் தவிர்க்கத்தான். கேனை வெளிச்சத்தில் பிடித்தால் கலந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கலந்த கேனுக்கும் கலக்காத கேனுக்கும் மூடி நிறத்தை மாற்றி வைப்பது இன்னும் நல்லது.

பெற்றோலுக்கும் வயது உண்டு. ஒரு மாதம் தாண்டினால் அதன் ஆவியாகும் பாகம் போய்விடும். மிஞ்சுவது காபரேட்டருக்குள் பிசினாக உறையும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, கேன்களுக்கு ஊற்றக்கூடாது என்று தடையும் வந்த மாதங்களில், கிடைத்த சொட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது வழக்கமானது. அந்தப் பழக்கம் விட்டுப்போகாத வீடுகளில் மிஷின் இன்னும் அதற்கு விலை கொடுக்கிறது. பிசின் பிடித்த ஜெட் துளையை ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றால் பெற்றோல் கூடிவிடும். பழைய மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, அதால் மெல்லத் துழாவிக் காற்று அடித்தால் போதும். தோள் மிஷினின் காபரேட்டரில் மிதவை கிடையாது, மெல்லிய டயாஃப்ரம்தான் இருக்கிறது. அது விறைத்துப்போனால் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்ற வேண்டும். வறட்சி மாதத்தில் புல் வளராமல் மிஷினை ஒதுக்கி வைக்கும்போது டாங்கியைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வைத்தால் ஐப்பசி மழையில் இந்த வேலை எதுவும் இராது.

வெலிமடை மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பம்புகள் மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்துச் சொத்து. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனபோது அந்த இலாபம் கரைந்தது. இருந்தும் பம்பை மாற்ற எல்லாராலும் முடியாது. அப்படிப்பட்ட பம்பை நிறுத்துமுன் மண்ணெண்ணெய்க் குழாயை மூடிவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் பெற்றோலில் ஓடவிட வேண்டும்; இல்லாவிட்டால் காபரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் குளிரில் பற்றாது. ஒயில் கம்பியையும் பார்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே வடிந்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும். "நம்ம எஞ்சின் ஒயிலே குடிக்கிறதில்ல" என்று பெருமைப்படுகிறவர் கம்பியை ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதன் அர்த்தத்தையும் மறக்கக்கூடாது. எரியும் பெற்றோலின் சக்தியில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் வேலையாகிறது, மிச்சமெல்லாம் சூடு. புகைவழி போனது போக மீதியைச் செதில்களுக்கு இடையே சுழல்சக்கர விசிறி தள்ளும் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். மானாப்புல் தூளும் ஒயில் கசிவும் சேர்ந்து அந்தச் செதில்களில் அடைகட்டிவிடும். மேல்மூடியின் நாலு ஆணியைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை கழற்றி, ஒரு குச்சியும் பழைய பல் பிரஷும் கொண்டு சுரண்டினால் எஞ்சினின் ஆயுள் பல வருடம் கூடும். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மட்டும் வேண்டாம்.

வெட்டும் பக்கத்திலும் ஒரு அடையாளம் உண்டு. தள்ளும் புல்வெட்டியின் பிளேட் கல்லில் மோதிய பிறகு எஞ்சின் கிளம்பவில்லை, அல்லது கயிற்றை வெடுக்கென்று திருப்பி இழுத்துக் கையைச் சுண்டுகிறது என்றால், சுழல்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி வெட்டுப்பட்டிருக்கும். மென்மையான உலோகத்தில் அதைச் செய்திருப்பதே தான் உடைந்து தண்டைக் காப்பாற்றத்தான். மலிவான பொருள், அதற்குப் பதிலாக இரும்பு ஆணியைச் செருகினால் அடுத்த கல்லில் தண்டு போய்விடும். தோள் மிஷினில் மெதுவாக ஓடும்போது பிளேட் சுழலக்கூடாது. சுழன்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் கிளச் ஸ்ப்ரிங் போயிருக்கும். அதோடு வேலை செய்வது காலோடு விளையாடுவது. சுழலும் பிளேட் கல்லை எறியும் தூரத்துக்காக 15 மீற்றர் சுற்றுவட்டத்தில் ஆள் நிற்கக்கூடாது என்பது உற்பத்தியாளர் விதி. கொழுந்து பறிக்கும் பெண்கள் அடுத்த வரிசையில் நிற்கும் தேயிலை மலையில் அது அடிக்கடி மீறப்படுகிறது. அதோடு குளவி. மிஷினின் அதிர்வு கூட்டைக் கிளப்பிவிடும். அதே மிஷினின் சத்தத்தில் முன்னால் போகிறவர் போடும் கூச்சல் காதில் விழாது.

உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது எஞ்சின் உடலில் பொறித்த எழுத்தைக் குறித்துக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். சீன எஞ்சின்களில் '168எஃப்' என்று இருந்தால் அது குதிரைத்திறன் அல்ல. முதல் 1 ஒரு சிலிண்டர். 68 மில்லிமீற்றர் சிலிண்டர் விட்டம். எஃப் காற்றால் குளிர்வது. அது ஹொண்டா ஜிஎக்ஸ்160இன் நகல் என்பதால் காபரேட்டர், காயில், ரிங் என்று பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று பொருந்தும். தோள் மிஷினில் '1இ40எஃப்' என்றால் 40 மில்லிமீற்றர் விட்டம், 43 சிசி, இ என்பது டூ ஸ்ட்ரோக். '1இ44எஃப்' என்றால் 52 சிசி. வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே இந்த எண் ஒன்றாக இருந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் பெரும்பாலும் ஒன்றேதான். கடைக்காரரிடம் மிஷினின் பெயரைச் சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்லி, பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம்.